மேலூர் வட்டாரக் கனிமத் திட்டங்களும் சுற்றுச்சூழல் இடர் மதிப்பீடும்

சுற்றுச்சூழல் இடர் மதிப்பீடு என்பது ஒரு சுரங்கமோ தொழிற்சாலையோ சாலையோ ஓரிடத்தில் அமைவதற்கு முன்பு, அவ்விடத்தின் வறட்சி, வெள்ளம், நிலச்சரிவு போன்ற இயற்கைத் தீங்குகள் அத்திட்டத்தை எப்படிப் பாதிக்கும், அத்திட்டம் அத்தீங்குகளை எவ்வளவு கூட்டும் என்று கணித்துப் பார்க்கும் நடைமுறை ஆகும். மதுரைக்கு வடகிழக்கே, திருச்சிராப்பள்ளி சாலையில் உள்ள மேலூர் வட்டாரம் இந்த நடைமுறையின் போதாமையை இரண்டு முறை கண்டது. முதல் முறை கிரானைட் குவாரிகள். அங்கு சேதம் நடந்து முடிந்த பிறகே கணக்கெடுப்பு நடந்தது. இரண்டாம் முறை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி. அங்கு ஏலம் முடிந்த பிறகே இடத்தைப் பற்றிய கேள்விகள் எழுந்தன. அந்த ஏலம் 2025 சனவரி 23 அன்று நீக்கப்பட்டது.

நீரும் நிலமும்

மேலூர் வட்டாரத்தின் பெரும்பகுதி பெரியாறு–வைகைப் பாசனத்தின் கடைப்பகுதி. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் வைகை வழியாகப் பேரணைக்கு வந்து, அங்கிருந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் திரும்புகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை உள்ள சுமார் 45,000 ஏக்கர் இருபோகப் பகுதி. அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் நீளும் சுமார் 85,000 ஏக்கர் ஒருபோகப் பகுதி. ஒருபோகப் பகுதிக்குப் பொதுவாகச் செப்டம்பர் மாதத்தை ஒட்டித்தான் தண்ணீர் திறக்கப்படும். அதுவும் அணைகளின் இருப்பைப் பொறுத்தது. இருப்பு குறைந்த ஆண்டுகளில் முதலில் வறண்டு போவது கடைமடை.

கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களில் வேளாண்மை முழுக்க முழுக்கக் கண்மாயை நம்பியது. அழகர் மலையின் கிழக்கே சிதறிக் கிடக்கும் பாறைக் குன்றுகளில் விழும் மழைநீர் ஓடைகளாகவும் வரத்துக்கால்களாகவும் இறங்கி முதல் கண்மாயை நிரப்பும். அது நிரம்பியதும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒரு கண்மாயின் மிச்ச நீர்தான் அடுத்த ஊரின் வரத்து. இந்தத் தொடரில் எந்த இடத்தில் ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் கீழே உள்ள ஊர்கள் அனைத்தும் வறளும். அடைபட்ட இடத்திற்கு மேலே உள்ள வயல்களில் தண்ணீர் தேங்கும். ஒரே கோளாறு கீழே வறட்சியையும் மேலே வெள்ளத்தையும் உண்டாக்கக்கூடிய அமைப்பு இது.

இங்குள்ள பாறை மிகப் பழமையான படிகப் பாறை. நிலத்தடி நீர் மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும் அதன் கீழ் உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஆற்றுப் படுகைகளின் மணல் அடுக்குகளைப் போல இதற்குப் பெரிய சேமிப்பு இல்லை. குன்றுகளின் சுனைகள் இந்த வெடிப்புகள் வழியாகவே ஊறுகின்றன. கண்மாய் நிரம்பிய ஆண்டில் அதைச் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் நிற்பதும், நிரம்பாத ஆண்டில் அவை விரைவில் வற்றுவதும் இதனால்தான்.

வறட்சி இங்கு அரிய நிகழ்வு அன்று. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மறுபக்கம், 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்கள் நீரில் மூழ்கின. மழையே இல்லாத ஆண்டும் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் ஆண்டும் இவ்வட்டாரத்திற்குப் பழக்கமானவை. எந்தத் திட்டமும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் ஈடுகொடுத்தாக வேண்டும். சராசரி மழையளவை வைத்துப் போடும் கணக்கு இங்கு அதிகம் உதவாது.

இடர் எப்படி அளக்கப்படுகிறது

பேரிடர் மேலாண்மையில் இடர் என்பது மூன்று கூறுகளின் கூட்டு விளைவாகக் கொள்ளப்படுகிறது. முதலாவது, மழை பொய்ப்பது அல்லது மிகுவது போன்ற தீங்கு. இரண்டாவது, அத்தீங்கின் பாதையில் யாரும் எதுவும் இருக்கிறார்களா என்பது. மூன்றாவது, அப்படி இருப்பவர்களின் தாங்குதிறன். ஆளில்லாப் பாலைநிலத்தில் பெய்யும் பெருமழை பேரிடர் ஆகாது. 2015இல் ஐக்கிய நாடுகள் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட செண்டாய் கட்டமைப்பு, பேரிடர் நடந்த பிறகு நிவாரணம் வழங்குவதைவிட, முதலீடு செய்யும் கட்டத்திலேயே இடரைக் குறைப்பதை வலியுறுத்துகிறது.

சுரங்கத் திட்டம் மேற்கண்ட மூன்று கூறுகளையுமே மாற்றும். மலைச்சரிவை வெட்டுவதால் நீரின் பாதை மாறுகிறது. வேலைக்கு வருவோர் புதிய இடங்களில் குடியேறுகின்றனர். கிணறும் கண்மாயும் இழந்த உழவரின் தாங்குதிறன் குறைகிறது. திட்டத்தின் வரவு–செலவுக் கணக்கில் இவற்றுள் கடைசிக் கூறுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை.

கிரானைட் குவாரிகள்

மேலூர் வட்டாரத்தின் கிரானைட் வெளிநாட்டுச் சந்தைகளில் நல்ல விலை பெற்றது. கீழவளவு, கீழையூர், தெற்குத்தெரு, திருவாதவூர் உள்ளிட்ட பல ஊர்களில் குவாரிகள் பெருகின. 2012 மே மாதத்தில் அப்போதைய மதுரை மாவட்ட ஆட்சியர் உ. சகாயம், முறைகேடான குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு ஏற்பட்டதாக அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அவருக்குப் பின் வந்த ஆட்சியர் அன்சுல் மிசுராவின் காலத்தில் குவாரிகள் அளக்கப்பட்டு மூடப்பட்டன. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் அளித்த அறிக்கை இழப்பை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டது.

பொது விவாதம் பெரும்பாலும் இந்த வருவாய் இழப்பைச் சுற்றியே நடந்தது. ஊர் மக்களுக்கு நேர்ந்த இழப்போ தண்ணீர் சார்ந்தது. அனுமதி பெற்ற எல்லையைத் தாண்டியும் அனுமதியே இல்லாமலும் கல் வெட்டப்பட்டது. கிரானைட்டில் விரிசலும் நிறப்பிசகும் இல்லாத கட்டைகளே விலைபோகும். வெட்டியெடுத்ததில் பெரும்பகுதி கழிவுக்கல்லாக ஒதுக்கப்படும். அந்தக் கழிவுக்கல் ஓடைகளிலும் வரத்துக்கால்களிலும் கண்மாய்ப் பரப்பிலும் கொட்டப்பட்டது. சமணப் படுக்கைகள் உள்ள கீழவளவு பஞ்சபாண்டவர் மலையை ஒட்டியும் குவாரிகள் வந்தன.

இங்கு இடர் மதிப்பீடு ஏன் நடக்கவில்லை என்பதற்கு முறைகேடு மட்டுமே விடை அன்று. 2006 செப்டம்பர் 14 நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 5 எக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவைப்படவில்லை. தீபக் குமார் எதிர் அரியானா மாநிலம் வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புதான் சிறு குவாரிகளுக்கும் அனுமதி வேண்டும் என்றாக்கியது. ஆட்சியரின் அறிக்கை சென்னைக்குப் போனது அதற்கு மூன்று மாதங்கள் கழித்து. அதுவரை, அருகருகே பத்து குவாரிகள் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு குழியாகவே தெரிந்தது. பத்தும் ஒரே கண்மாயின் நீர்வரத்துப் பரப்பில் இருப்பதைக் கணக்கில் கொள்ள வழி இல்லை.

இதன் அளவை ஒரு எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கண்மாய்க்கு 100 எக்டேர் நீர்வரத்துப் பரப்பு இருப்பதாகக் கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அப்பரப்பில் விழும் நீர் 50,000 கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் கண்மாய்க்குச் சேர்வது 10,000 கன மீட்டர். பரப்பில் 20 எக்டேர் குழியாகவும் கழிவு மேடாகவும் மாறி, அங்கிருந்து நீர் வருவது நின்றுபோனால் ஒவ்வொரு மழைக்கும் 2,000 கன மீட்டர் குறையும். இப்படி ஆறு மழையில் இழக்கும் 12,000 கன மீட்டர் ஏறத்தாழ ஓர் எக்டேர் நெல்லுக்கு ஒரு போகம் தேவைப்படும் நீர். கழிவுக்கல் வரத்துக்காலையே மறித்துவிட்டால் 20 எக்டேரோடு இழப்பு நிற்காது. மறிப்புக்கு மேலே உள்ள பரப்பு முழுவதன் நீரும் கண்மாய்க்கு வராது. குழியின் பரப்பை மட்டும் அளக்கும் மதிப்பீட்டில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி

மேலூரை அடுத்த அரிட்டாபட்டி, ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 எக்டேர் பரப்பை 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இதுவே முதல் தலம். 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள், லகார் வல்லூறு உட்பட சுமார் 250 பறவையினங்கள் ஆகியவை அரசு அறிவிப்பில் குறிப்பிடப்பட்டுள்ளன. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியனவும் இங்கு வாழ்கின்றன. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும் இக்குன்றுகளில் உள்ளன.

2023இல் கனிமங்கள் மற்றும் சுரங்கங்கள் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உள்ளிட்ட முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் சென்றது. வெட்டுக்கருவிகள் முதல் படைத்தளவாடங்கள் வரை தேவைப்படும் டங்ஸ்டனில் உலக உற்பத்தியின் பெரும்பங்கு சீனாவிடம் இருப்பதால், உள்நாட்டு இருப்பைத் தேடுவதற்குப் பொருளாதாரக் காரணம் இருந்தது. 2024 நவம்பர் 7 அன்று 2,015.51 எக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி தொகுதிக்கு வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் முன்னுரிமை ஏலதாரராக அறிவிக்கப்பட்டது. பாரம்பரியத் தலம் இத்தொகுதிக்குள் இருந்தது.

அந்த மாதமே வட்டாரத்தின் பல ஊராட்சிகள் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஏலத்துக்கு முன் மாநிலம் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்று ஒன்றிய அமைச்சகமும், ஏல அதிகாரம் மாற்றப்படுவதை 2023லேயே எதிர்த்ததாக மாநில அரசும் கூறின. டிசம்பர் இறுதியில், தலத்தை விலக்கி எல்லையை மாற்றியமைக்க முடியுமா என ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் அமைச்சகம் கேட்டது. தலம் தொகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மட்டுமே என்பது அதன் விளக்கம்.

மேலூர்ப் பகுதி மக்கள் இதை ஏற்கவில்லை. அவர்களது மறுப்பில் நீரியல் நியாயம் இருந்தது. தலத்தில் உள்ள சுனைகளும் ஏரிகளும் தலத்தின் எல்லைக்கோட்டோடு முடிவதில்லை. சுனைக்கு வரும் நீர் எல்லைக்கு வெளியே உள்ள பாறை வெடிப்புகள் வழியாகவும் வரலாம். குன்றிலிருந்து இறங்கும் நீர் வெளியே உள்ள கண்மாய்களையே நிரப்புகிறது. குன்றை விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டினால், குழியில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சுற்றுக் கிணறுகளின் மட்டம் இறங்கும். காக்கப்பட்டதாகக் காகிதத்தில் இருக்கும் தலம் நீரிழந்து போகக்கூடும்.

2025 சனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூர்ப் பக்கமிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை நடந்தும் வாகனங்களிலும் வந்து போராடினர். வட்டாரத்தின் சார்பாளர்கள் தில்லியில் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்த மறுநாள், சனவரி 23 அன்று, ஏலம் நீக்கப்பட்டதாக அமைச்சகம் அறிவித்தது.

கழிவுத் தேக்கம் என்னும் கேள்வி

ஏலம் நீக்கப்பட்டதால் இத்திட்டத்திற்கு முழுமையான தாக்க மதிப்பீடு நடைபெறவே இல்லை. நடந்திருந்தால் எழுந்திருக்கக்கூடிய மிகப் பெரிய கேள்வி கழிவைப் பற்றியது. பொதுவாக டங்ஸ்டன் தாதுவில் டங்ஸ்டன் ஆக்சைடின் அளவு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு டன் தாதுவை அரைத்தால் கிடைப்பது 5 கிலோ. மீதி 995 கிலோ நுண்துகளாக, நீரோடு கலந்த சேறாக, ஏதோ ஓர் அணைக்குள் தேக்கப்பட வேண்டும். சுரங்கம் மூடிய பிறகும் அந்த அணை நிற்கும்.

பிரேசிலில் 2015 நவம்பரில் மரியானாவிலும் 2019 சனவரி 25 அன்று புருமாதின்யோவிலும் இரும்புத் தாதுக் கழிவணைகள் உடைந்தன. முதலாவதில் 19 பேரும் இரண்டாவதில் சுமார் 270 பேரும் இறந்தனர். புருமாதின்யோவில் நிறுவனத்தின் உணவகமும் அலுவலகமும் அணைக்கு நேர் கீழே அமைந்திருந்தன. இறந்தவர்களில் பலர் அங்கு பணியில் இருந்தவர்கள். அதன் பிறகே 2020 ஆகத்தில் கழிவணைகளுக்கான உலகத் தரநிலை வெளியானது. கண்மாய்க்குக் கீழ் கண்மாய் என்று அடுக்கிய நிலத்தில் ஓர் அணை உடைந்தால், சேறு முதல் கண்மாயின் கரையை உடைத்து அந்நீரையும் சேர்த்துக்கொண்டு அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலூர் போன்ற வட்டாரத்தில் கழிவணைக்கு இடம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது கனிம வரைபடத்தை அன்று, கண்மாய்த் தொடரின் வரைபடத்தை.

விதிமுறைகள் கேட்பதும் கேட்காததும்

இந்திய விதிகளில் இடர் பற்றிய கேள்வி இல்லை என்று சொல்ல முடியாது. 2006 அறிவிக்கையின் முதல் படிவம், திட்ட இடம் நில நடுக்கம், நிலச்சரிவு, அரிப்பு, வெள்ளம், கடுமையான தட்பவெப்பம் ஆகியவற்றுக்கு உள்ளாகக்கூடியதா என்று கேட்கிறது. மதிப்பீட்டு அறிக்கையில் இடர் மதிப்பீடும் பேரிடர் மேலாண்மைத் திட்டமும் இடம்பெற வேண்டும். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டுவதைத் தடுக்கின்றன. தொல்லியல் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப் பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வைத்துள்ளது.

குறை இருப்பது வரிசையில். ஏலத்திற்கான தொகுதியின் எல்லை கனிம இருப்பை வைத்து வரையப்படுகிறது. சுரங்கத் திட்டம், தாக்க மதிப்பீடு, மக்கள் கருத்துக்கேட்பு எல்லாம் ஏலதாரர் முடிவான பிறகு வருபவை. அப்போது நிறுவனம் பணம் கட்டியிருக்கும், அரசு வருவாயை எதிர்பார்த்திருக்கும். ‘இந்த இடம் வேண்டுமா’ என்ற கேள்வி ‘இந்த இடத்தில் எப்படி’ என்று சுருங்கிவிடும்.

இன்னொரு குறை சிறியது போல் தோன்றும், மேலூருக்கு அதுவே பெரியது. சுரங்க மதிப்பீட்டுக்கான பொது ஆய்வு வரையறை, காற்று, நீர், மண், உயிரினம் பற்றிய அடிப்படைத் தரவை மழையில்லாத ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்கிறது. அதில் அக்டோபர்–டிசம்பர் ‘பருவமழைக்குப் பிந்தைய காலம்’. இது தென்மேற்குப் பருவமழையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நாள்காட்டி. மேலூரில் அந்த மூன்று மாதங்களே மழைக்காலம். கண்மாய் நிரம்புவதும் மறுகால் பாய்வதும் அப்போதுதான். மார்ச் முதல் மே வரை தரவு எடுக்கும் ஆய்வாளர் காண்பது வறண்ட ஓடையையும் காலியான கண்மாயையும். நீர் எந்த வழியாக வரும் என்பதை அறிய அவர் ஊர்க்காரரிடம்தான் கேட்க வேண்டும். மடை திறக்கும் நீர்க்கட்டிக்குத் தெரிந்த அளவு அது எந்த வரைபடத்திலும் இருக்காது.

வேலையும் வருமானமும்

குவாரிகள் மூடப்பட்டபோது கல் வெட்டியவர்கள், லாரி ஓட்டியவர்கள், பட்டறைகளில் மெருகேற்றியவர்கள் எனப் பலர் வேலை இழந்தனர். ஒருபோக விளைச்சல் மட்டும் உள்ள வட்டாரத்தில் மழை பொய்த்த ஆண்டில் கூலி எங்கே என்பது உண்மையான கேள்வி. குவாரி வேலையை நாடியவர்களைக் குறை கூறுவதில் பொருள் இல்லை. ஆனால் கிரானைட் கூலி சில ஆண்டுகளுக்கு வந்தது. நீர்வரத்து அறுந்த கண்மாயின் ஆயக்கட்டு அதன் பிறகும் தரிசாகக் கிடக்கும். இவ்விரண்டையும் ஒரே தாளில், ஒரே கால அளவில் எழுதிப் பார்ப்பதும் இடர் மதிப்பீட்டின் வேலையே.

காவிரிப் படுகைக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. பெரியாறு பாசனப் பகுதிக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

ஏல நீக்கத்திற்குப் பின்

2025 சனவரி அறிவிப்பு நாயக்கர்பட்டி தொகுதிக்கு மட்டும் உரியது. முக்கியக் கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விடும் சட்டம் அப்படியே உள்ளது. 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் சார்ந்த சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. தமிழ்நாடு அரசு இதை எதிர்த்தது. டங்ஸ்டன் இந்தப் பட்டியலில் உள்ள கனிமம். கீழவளவு, கீழையூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் கண்மாய்களுக்கு இறங்கிய நீரின் ஒரு பகுதி அது.